தலைவர் முன்னால் முழுங்கிய மாத்திரை

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருத் தையல்காரம்மா. என் மூத்தவன் தவழத் தொடங்கிய வருஷம். எனக்கு அளவெடுத்துக்கொண்டே சொன்னார். எதிர் மேசையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் தலையை இன்னும் கீழே குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்தது.

கடிகாரக்காரருக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்றுதான். மாத்திரை. பேரப்பிள்ளை எடுத்த வயசிலும் அதைக் கண்டால் தொண்டை தானாகப் பூட்டிக்கொள்ளும்.

இது நடந்த நாளுக்கு மறுநாள் மகள் பேத்தியோடு வருவதாக இருந்தது. தவழுகிற குழந்தை, கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகும். அதனால் அதற்குள் நாய்க்கும் பூனைக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தாக வேண்டும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். குடும்ப டாக்டரோ பெரியவர்களுக்கும் ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நான் போட்டுக்கிட்டேன். இந்தாங்க, உங்களுது."

"எனக்கெதுக்கு? என் வயித்துல பூச்சி இருந்தா எனக்குத் தெரியாதா?"

"அது உங்ககிட்ட சொல்லிட்டா குடி வரும்? போடலைன்னா பேத்தியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

கடிகாரக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு வாரமாகப் பேத்தி உட்காரப்போகும் மடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். பேச்சை மாற்றினார்.

"முதல்ல இதுங்க ரெண்டுக்கும் கொடுப்போம். நீ தள்ளு. மயிரிழைத் திருகாணியையே மாட்டற கை இது. அஞ்சே நிமிஷம்!"

தையல்காரம்மா உடனே இரண்டு மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

நாய்க்குப் பெயர் தலைவர். தலைவர் மாத்திரையை மரியாதையாக வாங்கிக்கொண்டார். வாலை ஆட்டினார். முற்றத்துக் குழாயடி வரை நடந்துபோய் அங்கே பத்திரமாகத் துப்பிவிட்டு வந்தார். இப்படி நாலு தடவை.

பூனை மகாராணியிடம் கடிகாரக்காரர் சாமணத்தின் நுனியில் மாத்திரையைக் கவ்விக்கொண்டு போனார், சக்கரம் மாட்டுகிற நிதானத்தோடு. அடுத்த நொடி மகாராணி பரண்மேல். மாத்திரை அலமாரிக்கு அடியில். அவர் கன்னத்தில் மூன்று கோடுகள்.

"என்னங்க, அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?"

"கிண்டல் பண்ணாதே. ஒரு மணி நேரமாப் போராடறேன். தலைவர் என்னை நம்பவே மாட்டேங்கறான்."

"எப்படி நம்பும்? நீங்க திங்கறதைத்தானே அது திங்கும். உங்க மாத்திரையை அது முன்னால முழுங்கிக் காட்டுங்க."

"நானா?"

"பாருங்க, உங்க தொண்டையையே பாத்துக்கிட்டு நிக்குது."

தலைவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாயின் முன்னால் தோற்பதா? கடிகாரக்காரர் கண்ணை மூடினார். ஒரு சொம்புத் தண்ணீர். ஒரே மடக்கு. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, தலைவருக்கு இடமும் வலமும் காட்டினார்.

தலைவர் கொட்டாவி விட்டார்.

"பாத்தியா? இன்னும் திங்கலை!"

"அது எதுக்குத் திங்கணும்? ரெண்டுக்கும் காலையிலேயே மீன்ல வச்சுக் கொடுத்துட்டேன். உங்க கையில கொடுத்தது வெறும் சத்து மாத்திரை. பாக்கி இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

மறுநாள் பேத்தி அவர் மடியை விட்டு இறங்கவே இல்லையாம்.

அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். தையல் மெஷின் சத்தமும் கடிகாரச் சத்தமும் ஒன்றாகக் கேட்ட அந்த அறையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் நிறையும். இன்றைக்கு நீங்கள் பிரார்த்தனை செய்யும்போது, அந்த இரண்டு பேரையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.