கல்லறைத் திருநாளில் முனகிய கார்

கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனாரை வாந்தி எடுக்க வைத்த பெண் வட சென்னையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது அவர் மாமனார்கூடக் கிடையாது. என்னை மருமகளாக ஏற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஆறப்போட்டுக்கொண்டிருந்த அமல்ராஜ் அங்கிள், அவ்வளவுதான்.

அவர் மகன் டோமினிக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். நான் திருவொற்றியூர், வீட்டில் முருகன் படம். அவர்கள் ராயபுரம், வீட்டில் மாதா சுரூபம். எங்கள் வீட்டில் அழுது அமர்க்களம் செய்து சம்மதம் வாங்கியாகிவிட்டது. அங்கிள் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "ஸ்டெல்லா இருந்தா அவள ஒரு வார்த்த கேட்டிருப்பேன்" என்பார். டோமினிக்கின் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் யார் போய் வார்த்தை கேட்பது?

சரி, மனிதரைக் கொஞ்சம் குளிரவைக்கலாம் என்று என் சின்னக் காரில் மணலிப் பக்கம் அழைத்துப்போனேன். ஆயுசு முழுக்கத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தவர், புயலுக்கே வயிறு கலங்காதவர், என் காரில் நாலு வளைவு தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். "இது இன்னா காராம்மா? கட்டுமரம்கூட இப்டி ஆடாது." (காரை வெளியிலிருந்து கழுவிய கொடுமையை இங்கே எழுதவில்லை.)

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக மெக்கானிக் ஜமால் பாய் ஷெட்டுக்குப் போனேன். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ள அடியில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி இருக்கும். ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். அதை எடுத்துவிட்டுத் தடிமனாக ஒன்று போட்டால் வண்டி சாயவே சாயாது என்று நாலு வீடியோ பார்த்து நான் பண்டிதையாகியிருந்தேன். ராடும் வந்தது. அதைக் கவ்விப் பிடிக்க மஞ்சளாய், கல்லு மாதிரி கெட்டியான ரப்பர் வளையமாய் ரெண்டு புஷ்ஷும் வந்தன. கூடவே குட்டியாய் ஒரு கிரீஸ் ட்யூப்.

"இத்த புஷ்ஷுல தடவணுமாமே" என்றார் ஜமால் பாய்.

"தடவுனா எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பலும் நிலக்கரித் தூசியும் வந்து அப்பிக்காதா பாய்?"

"ஆமாம்மே! அப்பால உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி ராட அறுத்துடும். வேணாம், காஞ்சே கெடக்கட்டும்." சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடவே நாலு தடவை யோசிக்கிற ஏரியா எங்களுடையது. ட்யூபைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ரெண்டு பேரும் உலகத்துக்கே புத்தி சொன்ன திருப்தியோடு டீ குடித்தோம்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஆன்ட்டியின் கல்லறை எண்ணூரில், அவர் அம்மா வீட்டு ஆட்களோடு. மகன் ஊரில் இல்லையே, நான் கூட்டிப்போகிறேன் என்று வலியப் போய்ச் சொன்னேன். போகும்போது கார் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது. "பரவால்லியே, ஆடல" என்றார் அங்கிள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மனசுக்குள் மண்டபமே புக் பண்ணிவிட்டேன்.

கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் மேல் சாமந்தியும் ரோஜாவும் குவிந்து கிடந்தன. ஃபாதர் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். கூட்டம் கலைந்த பிறகும் அங்கிள் எழுந்திருக்கவில்லை. குனிந்து கல்லோடு பேசிக்கொண்டிருந்தார். ஒதுங்கித்தான் நின்றேன், ஆனாலும் காதில் விழுந்தது. "நீதான் ஒரு வார்த்த சொல்லணும் ஸ்டெல்லா. நான் தனியா எப்டி முடிவு பண்ணுவேன்?"

திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. சாலை ஓரம் நெடுக விளக்கில்லாத கன்டெய்னர் லாரிகள். மணலிப் பக்கம் எண்ணெய் ஆலைப் புகைபோக்கி உச்சியில் எரிந்த நெருப்பு விட்டுவிட்டு வானத்தைச் சிவப்பாக்கியது. வண்டி ஒரு பள்ளத்தில் மெதுவாக இறங்கியது.

"ஊ...ம்ம்ம்."

பெண் குரல். காலடியிலிருந்து வந்தது. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மீதி மெழுகுவத்தியும் காலிப் பூக்கூடையும்தான்.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றார் அங்கிள், உதடு அசையாமல்.

"ம்..." என்றேன்.

"கடைசி மாசம் அவளால பேச முடியல. எது கேட்டாலும் இப்டித்தான் முனகுவா. ஆமான்னா ஒருக்கா முனகுவா. இல்லன்னா சும்மா இருப்பா." டேஷ்போர்டில் கை வைத்தார். "ஸ்டெல்லா... நீயா?"

அடுத்த பள்ளம். "ஊ...ம்ம்ம்."

அவர் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஆனாலும் ஸ்டியரிங் பிடித்தவளுக்குத் தெரியுமே, இடது சக்கரம் இறங்கும்போதுதான் சத்தம் வருகிறது! காய்ந்த புஷ்ஷில் ராடு உரசுகிறது. அட பாவி ஜமால் பாய்! அட பாவி நானே!

"இந்தப் பொண்ண நம்ம டோமினிக்குக்குக் கட்டலாமா?" அங்கிள் குரல் நடுங்கியது.

சத்தம் இல்லை. ஏனென்றால் பள்ளம் இல்லை. எங்க ஏரியா ரோட்டில், என் வாழ்க்கை தொங்கும் அந்த நிமிஷத்தில், யாரோ புதுசாகத் தார் போட்டு வைத்திருக்கிறார்கள்! கொஞ்சம் தள்ளி இடது பக்கம் அழகான ஒரு குழி கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எனக்குக் கல்யாணம். இழுக்கத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை. செத்துப்போன மனுஷியின் குரலில் நான் எப்படிப் பதில் சொல்வது?

"அங்கிள், அது ஆன்ட்டி இல்ல. புது ராடு போட்டேன், கிரீஸ் தடவல. அதான் முனகுது."

டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆன்ட்டியை ரெண்டாவது தடவை நானே அடக்கம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. கல்யாணமும் கோவிந்தா என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. இஞ்சினை அணைத்தேன். அசைவில்லை, காற்றுகூட இல்லை.

"ஊ...ம்ம்ம்..."

இந்தத் தடவை நீளமாக, நிதானமாக. அங்கிள் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "வண்டி நின்னுகினு கீதே... இது இன்னா புஷ்ஷு?"

அதற்கப்புறம் நான் செய்த வீரச்செயலைக் கேளுங்கள். "முருகா!" என்று அலறிக் கதவைத் திறந்து, செருப்பில் ஒன்றை உள்ளேயே விட்டுவிட்டு, ரெண்டு லாரிக்கு நடுவே புகுந்து ஓடினேன். டீக்கடை பெஞ்சில் ஏறி நின்ற பிறகுதான் நினைப்பு வந்தது. வருங்கால மாமனாரைப் பெல்ட் மாட்டிய நிலையில் பேயோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

லாரி டிரைவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரிக்க, அங்கிள் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஆன்ட்டி போனதிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மன்னிச்சிடுங்க அங்கிள், வுட்டுட்டு ஓடிட்டேன்."

"அத வுடு. வண்டி நின்னப்போ முனகுனது உனக்கும் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு."

"அவ குரலு நம்ம வூட்டு ஆளுங்களுக்குத்தாம்மா கேக்கும்." செருப்பை என் காலருகே வைத்தார். "இனிமே மாமான்னு கூப்டு."

மறுநாள் ஜமால் பாய் ரெண்டு புஷ்ஷிலும் கிரீஸை அப்பினார். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. நின்ற வண்டி ஏன் முனகியது என்று கேட்டேன். "பக்கத்துல ட்ரெய்லர் லாரி போயிருக்கும், வண்டி குலுங்கி இருக்கும்" என்றார். அன்று எல்லா ட்ரெய்லரும் நின்றுகொண்டுதான் இருந்தன. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

டோமினிக்கின் சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்தில் கூடினாலும் மாமா இந்தக் கதையை நடித்துக் காட்டாமல் சாப்பாட்டுக்கு உட்காரமாட்டார். என் ஓட்டத்தை அவர் நடிக்கும் லட்சணத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். இப்போதும் கல்லறைத் திருநாளுக்கு நான்தான் அவரை அழைத்துப்போகிறேன். முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, என் துப்பட்டா முனையை அந்தப் பெல்ட்டோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போடுவார். அப்புறம்தான் சாய்ந்து உட்கார்ந்து சொல்வார்:

"இப்ப ஓடு, பாப்போம்."