முதல் கேள்வியைத் தாண்டாதவர்

எஸ்.எஸ்.எல்.சி.யில் சமூகப் பாடத்தில் நான் முதல் தடவை வாங்கிய மதிப்பெண்ணை என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. சொல்ல ஒரு கை விரல்கள் போதும். கட்டை விரலை மடக்கியும் கொள்ளலாம். அந்த மதிப்பெண்ணின் புண்ணியத்தில்தான், காஞ்சிபுரத்திலேயே அதிகம் விஷயம் தெரிந்தவரும் அதிகம் ஃபெயிலானவருமான ஒரு மனிதரோடு அக்டோபர் பரீட்சை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஊர் அவரை ‘முதக்கேள்வி’ என்றது. எந்தப் பரீட்சையிலும் அவர் முதல் கேள்வியைத் தாண்டியதில்லை. பதில் தெரியாமல் அல்ல. தெரிந்ததெல்லாம் ஞாபகம் வந்துவிடும். பருவக்காற்றைப் பற்றிக் கேட்டால் சூரியனிலிருந்து ஆரம்பிப்பார். காற்று கடலைத் தாண்டிக் கரைக்கு வருவதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கூடுதல் தாள்களைச் சேர்த்துக் கட்ட எங்களுக்குச் சணல் கொடுப்பார்கள். அவர் மட்டும் வீட்டிலிருந்து பட்டு நூல் கொண்டுவருவார். சணல் அந்தக் கனம் தாங்காதாம்.

பரீட்சைக்கு வெளியிலும் அப்படித்தான். வாலாஜாபாத் பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டுவிட்டார். இவர் பாலாறு உற்பத்தியாகும் மலையிலிருந்து வழி சொல்லத் தொடங்கினார். பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது.

அவருடையது பெரிய காஞ்சிபுரத்துத் தறிக் குடும்பம். “ஒண்ண வுட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கண்ணா” என்றால் சீறுவார்.

“இழை அறுந்தா இன்னா பண்ணுவாங்க? நின்னு முடிச்சு போட்டுட்டுத்தானே மேல நெய்வாங்க? அப்பறம் பாத்துக்கலாம்னு வுட்டா அது புடவையா, கொசுவலையாப்பா?”

அந்த வருடம் விஷயம் விளையாட்டாக இல்லை. நெசவாளர் சொசைட்டி ஒன்றில் அவர் தற்காலிகக் குமாஸ்தா. அக்டோபரில் தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அவருடைய நாற்காலி தலைவரின் மச்சானுக்கு. மச்சான் ஏற்கெனவே தேறியவர். ஒரு நாள் சாவகாசமாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்துவிட்டும் போயிருந்தார்.

யோசனை சொன்னவன் நான். பரீட்சை ஹாலில் அரை மணிக்கு ஒரு தரம் மணி அடிப்பார்கள் அல்லவா? மணி காதில் விழுந்ததும், எழுதுகிற வாக்கியத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓட வேண்டியது. திரும்பிப் பார்க்கக் கூடாது. காமாட்சி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் ஒத்திகை. அவர் எழுதுவார், அண்ணி கரண்டியால் தாம்பாளத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்.

“ஒரு நிமிசம்மா, அக்பர் பொறந்துக்கினு இருக்காரு.”

“பொறந்த வரைக்கும் போதும். அடுத்ததுக்குப் போய்யா!”

முதலில் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. போகப் போக, தாம்பாளம் அதிர்ந்தாலே பேனா தானாகத் தாவியது. எனக்கு என் மூளையைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் ஏற்பட்டது. பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு கோயில் இருப்பதை மட்டும் அந்த மூளை யோசிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்தவன் காதில் கோயில் மணி விழுவதில்லை.

சமூகப் பாடத்தன்று முதல் மணிக்கே அவர் தாவினார். அடுத்த மணிக்கும் தாவினார். நான் பக்கத்து வரிசையில் இருந்து கை தட்டாத குறை. நடுப்பகலில் கோயிலில் உச்சிக்கால பூஜை ஆரம்பித்தது. கண கணவென்று நிற்காத மணி. பிறந்ததிலிருந்து கேட்காத அந்த மணியை அவர் அன்றுதான் கேட்டார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு தாவத் தொடங்கினார். ஒரு கேள்விக்கு ஒரு வரி. அடுத்ததற்கு அரை வரி. முகமெல்லாம் வியர்வை. மணி ஓய்ந்தபோது கேள்வித்தாளும் தீர்ந்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசர் வந்தார். “இன்னாய்யா, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குது. எழுதலியா?”

“மணி அடிச்சிட்டாங்க சார்.”

“அது சாமிக்கு அடிச்சதுய்யா!”

“யாருக்கு அடிச்சா இன்னா சார்? சத்தியம் பண்ணியிருக்கறேன்.”

என் தாளிலும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இருந்தது. விஷயம்தான் இல்லை.

ரிசல்ட் பேப்பரை டீக்கடையில் பார்த்தோம். அவர் நம்பர் இருந்தது. வேலை நிரந்தரம், மச்சான் வேறு நாற்காலி தேட வேண்டியதுதான். ஆனால் அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி இருந்தது.

“தெரிஞ்சத எல்லாம் எழுதனப்ப ஃபெயிலு. பாதில பாதில வுட்டுட்டு ஓடனேன், பாஸு. இது இன்னாப்பா நாயம்?”

“அப்ப பரீட்சையே வேணான்றீங்களாண்ணா?”

கேட்டிருக்கக் கூடாது. அது ஒரு கேள்வி. வெள்ளைக்காரன் பரீட்சையைக் கப்பலில் ஏற்றியதிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நெடுநேரம் கழித்து, போகிற போக்கில் இதையும் சொன்னார்: “நான் யாருன்னு பரீட்சைக்குத் தெரியல, வாஸ்தவம். தலைவர் மச்சான் யாருன்னும் அதுக்குத் தெரியாதே! அதாலதானே எனக்கு நாற்காலி?”

கப்பல் இன்னும் மெட்ராஸ் வந்து சேரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.

ஒருவழியாக எழுந்தபோது, மனசு கேட்காமல் சொன்னேன்: “அண்ணா, நானும் பாஸ்தான். ஒரு வார்த்த கூட சொல்லலியே?”

“பாத்தேம்பா. உன் நம்பரப் பாக்கற வரைக்கும் எம் பாஸு மேல எனக்கே கொஞ்சம் மரியாத இருந்துச்சு.”