மட்டை பறந்த விவரம் மருமகனுக்கு

புனே மாநகரில் கணினிகளை அடக்கி ஆளும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி நெல்லையப்பனுக்கு, அனந்தபுரி வலியசாலையிலிருந்து தாய்மாமன் ராஜமணி மூட்டை நிறைய ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் சௌக்கியம். என் வலது உள்ளங்கை மட்டும் சௌக்கியமில்லை. வாட்ஸாப்பை விட்டு ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன். குடும்பக் குரூப்பில் தவறிப் போட்டுவிட்டால் உன் அம்மா என்னை உயிரோடு விடமாட்டாள்.

விஷயம் உன் கல்யாணம். நீ பயப்படாதே, உன் பங்குக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருக்கிறேன். ஸ்ரீவராகம் தாணுமாலையன் மகள் கௌசல்யாவின் ஜாதகம் பொருந்தியதும், பெண்ணின் அப்பாவோடு கொஞ்சம் பழகி வைப்போமே என்று, அவர் தினமும் காலையில் பிக்கிள்பால் என்கிற புது மட்டைப்பந்து ஆடும் இடத்துக்குப் போனேன். "ஆடுவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். அந்த மட்டையைக் கடையில்கூடப் பார்த்திராத நான், "ஆடலேன்னா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே என்னைத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார்.

நம் வம்சத்துக் கை உனக்குத் தெரியாததா? வேர்த்து ஒழுகும் உன் விரல் பட்டால் உன் போனே திறக்காது. என் கையை நெய்யாற்றின் கிளை நதி என்று அரசாங்கம் அறிவிக்காததுதான் பாக்கி. கோர்ட்டில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மட்டையின் பிடி உயிருள்ள விரால் மீன் மாதிரி வழுக்க ஆரம்பித்தது, நான் இறுக்க, அது இன்னும் வழுக்க, நான் இன்னும் இறுக்க, கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பினு பக்கத்தில் வந்து, "சாரே, இப்பிடி ஞெக்கிப் பிடிக்கண்டா. பப்படத்தைப் பிடிக்கது மாதிரி பிடிச்சா மதி. ஞெக்குனா இன்னும் வேர்க்கும். வேர்வை குடிக்கிற டேப் ஒண்ணு பிடியில சுத்தித் தரட்டா? இடையிடையே டவ்வல்ல கையைத் துடையுங்க" என்றான். எல்லார் முன்னாலும் டேப் சுற்றினால் குல ரகசியம் என்னாவது? "எனக்கு எதுக்குடே டேப்பு" என்று அவனை அனுப்பிவிட்டு, பழவங்காடிப் பிள்ளையார் கோவில் விபூதிப் பொட்டலத்தைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சர்வீஸ் போடுவதற்கு முன்னால் நெற்றியில் பூசுகிற சாக்கில் உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டேன். தாணுமாலையன் உருகிவிட்டார். "பந்து போடதுக்கும் சாமி கும்பிடுகாரு, பாருங்க" என்று எதிர் ஜோடியிடம் சொல்கிறார். ஆட்டம் பாதி முடிவதற்குள் நான் முழுச் சாமியார்.

ஆனால் விபூதியும் வேர்வையும் சேர்ந்து குழைந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை மருமகனே. கொத்தனார் குழைத்த கலவை மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பந்தை ஓங்கி அடித்தேன். பந்து அங்கேயே விழுந்தது, மட்டை போய்விட்டது. சாமியின் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடக்க விமானங்களை நிறுத்தி வைக்கிற ஊர் இது, என் மட்டைக்கும் நிறுத்தியிருக்க வேண்டும். வேலியைத் தாண்டி, தென்னையைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதுகூடப் போகட்டும். இந்த ஆட்டம் முடிந்தால் யாரும் கை குலுக்குவதில்லை, மட்டையோடு மட்டையைத் தட்டிக்கொள்வார்கள். நம் குடும்பத்துக்காகவே கடவுள் ஏற்படுத்திய வழக்கம். என் மட்டைதான் கூரைமேல் இருக்கிறதே? தாணுமாலையன் கையை நீட்டிவிட்டார். கொடுத்தேன். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது உங்க வீட்டுல எல்லாருக்கும் உண்டோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்கு உயிர் கோவளம் வரைக்கும் போய்த் திரும்பியது. "சேச்சே, எனக்கு மட்டுந்தான். நெல்லையப்பன் கை ராஜஸ்தான்லா" என்றேன். "அப்பிடியா" என்றார். ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த "அப்பிடியா"வை நான் எல்லா ராகத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் நல்ல அர்த்தம் வரவில்லை. உன் அத்தையோ, "உங்களுக்குக் கையில மட்டையும் நிக்காது, வாயில பேச்சும் நிக்காது" என்கிறாள். ஆகவே ஓணம் கழிந்து நீ பெண் பார்க்க வருவதற்குள், காலில் விழுகிறேன், அந்தக் கையைக் காயவைத்துவிடு. ஒரு டாக்டரைப் பார். பவுடரும் ஒரு டஜன் கைக்குட்டையும் கொண்டுவா. காப்பித் தம்ளரை விளிம்பில் பிடி. யார் கை நீட்டினாலும் கும்பிடு, அதையும் உள்ளங்கை ஒட்டாமல் கும்பிடு, பிரிக்கும்போது சத்தம் வரும்.

உன் இல்லம் விளங்கவும், பிள்ளைகள் ஓடியாடவும், உள்ளங்கை மட்டும் வறண்டு கிடக்கவும் அனந்தபத்மநாபன் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
ராஜமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தாணுமாலையன் வந்தார். கல்யாணம் வேண்டாம் என்கிறாளாம் கௌசல்யா. அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே கை ஓயாமல் வேர்க்குமாம். என் கையைத் தொட்டதும் மனிதருக்கு மனம் குளிர்ந்ததாம். நான் ராஜஸ்தான் என்றதும் எல்லாம் போயிற்று. "காஞ்ச கைக்காரருக்கிட்ட ஆயுசு முழுக்க என் கையை ஒளிச்சு வைக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டாளாம். பையனுக்கும் ஒழுகும், நான்தான் பொய் சொன்னேன் என்று சத்தியம் செய்தேன். "சம்பந்தம் முடியணும்னு சொல்லுதீங்க அண்ணாச்சி" என்கிறார். உண்மை சொல்லிப் பழக்கமில்லாததால் எடுபடவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. டாக்டர் வேண்டாம், பவுடர் வேண்டாம். ஆனால் சொன்னபடி வந்துவிடு, அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் துடைக்காத கையைத் தாணுமாலையனிடம் நீட்டு. அதற்கப்புறம், அவள் சம்மதித்தால், அவளிடம்.