நைனாவுக்கு

"ஒரு சிகரெட்டு குடுங்க. நைனாவுக்கு."

தங்கவேலு தலையைத் தூக்கினார். கல்லாவுக்கு எதிரே ஒரு சிறுமி. பத்து வயதுகூட இருக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு முறை விற்றால் கடையைப் பூட்டிவிடுவோம் என்று போன வாரம்தான் அதிகாரிகள் தெலுங்கில் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆந்திர எல்லையில், குடிபாலா பஸ் நிறுத்தத்தில் முப்பது வருடக் கடை. அதுவரை 'நைனாவுக்கு' என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் எடுத்துக் கொடுத்த மனிதர்.

"உங்க நைனாவயே வரச் சொல்லு பாப்பா."

"அவரு வர மாட்டாரு தாத்தா."

"ஏன், மகாராஜா எறங்கி வர மாட்டாரா? அப்ப அவரு ஆதார் கார்டு எடுத்துக்கினு வா."

ஓடிப்போய் எடுத்து வந்தாள். கோவர்த்தனன், முப்பத்தெட்டு வயது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கவேலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கார்டு யாரு வேணா எடுத்துக்கினு வரலாம். நான் மூஞ்சியப் பாக்கணும்."

இந்த முறை சற்று நேரமானது. மார்போடு அணைத்து எடுத்து வந்ததைச் சிறுமி கல்லாமேல் நிமிர்த்தி வைத்தாள். கண்ணாடி போட்ட படம். அதற்குச் சாமந்தி மாலை.

"இதான் தாத்தா. இன்னிக்குப் பதினாறாம் நாளு. நைனாவுக்குப் புடிச்சதெல்லாம் படைக்கணும்னு சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. தங்கவேலு கூனிக் குறுகிப் போனார். அப்போதும் அவள் கையில் கொடுக்கப் பயம். வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு, ஒரு முழுப் பாக்கெட்டோடு அவள் பின்னால் நடந்தார்.

வாசலில் உறவுக்காரர் ஒருவர் விவரம் சொன்னார். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. நுரையீரலில் புற்று. திருப்பதி ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடிந்து, காரியத்துக்குத்தான் சொந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள்.

வடை, பாயசத்துக்குப் பக்கத்தில் பாக்கெட்டை வைத்துக் கும்பிட்டார் தங்கவேலு. அந்த முகத்தை எங்கோ பார்த்தது போலிருந்தது. மனசு தாங்கவில்லை. இறந்தவரின் மனைவி சுந்தரியிடம் பதமாகச் சொன்னார்:

"இனிமே புள்ளைய இதெல்லாம் வாங்க அனுப்பாதம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு மொதமொதல்ல வாங்குனதும் உங்க கடையிலதாண்ணா, ஆறாங்கிளாஸ்ல. 'நைனாவுக்கு'ன்னு சொல்வாராம். எங்க மாமனாரு சிகரெட்டத் தொட்டதே இல்ல."