பிராணி சார்

கிழக்கேகோட்டையில் என் அக்கா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த நவநீத்தின் மடியில் சோர்ந்துபோன பூனை ஒன்று படுத்திருந்ததற்குக் காரணம், நான்தான்.

ஜாதகம் எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டது. விசாரிக்கப் போனவன் நான். அவருடைய ஆபீஸில் எல்லோரும் 'பிராணி சார்' என்றார்கள். திரும்பி வந்து, "பையன் பிராணி டாக்டர்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். மலையாளத்தில் பிராணி என்றால் பூச்சி. பிறந்ததிலிருந்து இந்த மலையாள ஊர்த் தண்ணீர் குடிக்கிறவனுக்கு, அவர் பூனையைப் பார்த்து விழித்தபோதுதான் அது உறைத்தது.

"ரெண்டு நாளா பாலைத் தொடலை. நாக்கைப் பாருங்கோ," என்றாள் அக்கா வாலாம்பாள்.

நவநீத் பூனையின் காதில் இருந்த தெள்ளுப்பூச்சியைப் பார்த்தார். ஆசையாகப் பார்த்தார்.

அக்காவையும் அத்திம்பேரையும் ஓரமாகக் கூப்பிட்டேன். "அவர் பூச்சி டாக்டர்."

மலையாளத்திலேயே ஃபைல் எழுதி ரிட்டையர் ஆனவர் அத்திம்பேர் ஸ்ரீகண்டன். அவர் காதில் அது 'பூச்ச' என்று விழுந்தது. மலையாளத்தில் பூனை.

"பூனைக்கே ஸ்பெஷலிஸ்டா? முன்னாடியே சொல்லப்படாதோ?"

"பூனை இல்லை அத்திம்பேர். கரப்பான், எறும்பு."

அக்கா முகம் மாறியது. "மருந்தடிக்கிறவாளாடா? அதுக்கா சொஜ்ஜி கிளறினேன்?"

"சேச்சே, ஒண்ணைக்கூடக் கொல்லமாட்டார்க்கா. வளர்க்கிறார்."

"ஆத்திலேயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"காபியைக் கொடுத்து அனுப்பிடுடா," என்றாள் அக்கா. ரகசியம் பேசத் தெரியாத குடும்பம் எங்களுடையது. கூடத்தில் நவநீத் பூனையை மெல்ல இறக்கிவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தங்கமான பையன். என் வாயால் போகிறான்.

அடுக்களைக்கு ஓடினேன். அக்கா பெண் மீரா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். தோள் குலுங்கியது.

"அழாதேம்மா, மாமாமேலதான் தப்பு. நேராச் சொல்லு. அவரை இருக்கச் சொல்லட்டுமா, அனுப்பிடட்டுமா?"

திரும்பினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"இருக்கச் சொல்லுங்கோ மாமா. நான் பாடம் எடுக்கிற ஸ்கூலுக்கு வாராவாரம் பட்டாம்பூச்சி காட்ட வரவர்தான். பிராணி சார்னு பேர் வச்சதே நான்தானே."