ஊமைப் படமும் ஒரு தட்டு றோல்ஸும்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
தவக்காலம், ஞாயிறு

பெருமதிப்புக்குரிய அருமைநாதன் அத்தானுக்கு,

மைத்துனன் நீக்கிலாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகவே நலம். மன்னாரில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். என் சுகத்தை மட்டும் கேட்காதீர்கள். வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

எங்கள் பங்கின் தமிழ்ச் சபைக்கு நான்தான் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும், நானே பல தடவை எழுதியிருக்கிறேன். தவக்காலச் சிந்தனைக்காக நேற்றுப் பின்னேரம் கோயில் மண்டபத்தில் நூறு வருசப் பழைய பிரெஞ்சு ஊமைப் படமொன்று போட்டோம். துணி வெளுக்கும் ஏழைப் பெண்ணொருத்தியை, வெள்ளிக் கரண்டி திருடினாள் என்று எசமான் பிடித்துக் கொடுக்கிறான். நீதிமன்றத்தில் அவளைப் பேசவே விடுகிறார்களில்லை. படத்தில் சத்தமில்லாத குறையை நான் மைக் பிடித்துத் தீர்த்து வைத்தேன். "பாருங்கோ சனங்களே, ஏழை எண்டால் கள்ளி எண்டு முடிவு கட்டிறாங்கள்! விசாரிச்சாங்களோ?" என்று நான் கத்த, முன்வரிசை மூக்கைச் சிந்தியது, அந்த நேரம் பார்த்து இடைவேளை வந்தது, தேநீர் மேசைக்குப் போனால் இரண்டு தட்டு மீன் றோல்ஸில் ஒரு தட்டைக் காணவில்லை.

மேசையருகில் நின்றவள் பிரஷாந்தினி. அகதியாக வந்து இன்னும் ஒரு குளிர்காலம் முடியவில்லை, பக்கத்து ஊர் புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலை, தனியாள். பக்கத்தில் பெரிய பை. அத்தான், கையில் மைக் இருந்ததை நான் மறந்துவிட்டேன். "பிள்ளை, அந்தப் பையைத் திறந்து காட்டும்" என்றது மண்டபம் முழுக்கக் கேட்டது. "அண்ணை, நான்..." என்று தொடங்கினாள். "கதையாதையும்! திறவும்!" என்றேன். திறந்தாள். வேலைச் சப்பாத்தும் ஒரு துவாயும் இருந்தன.

அப்போதுதான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி மாக்கிரட் குசினியிலிருந்து ஓடிவந்தாள். "என்னப்பா செய்யிறியள்? முதல் தட்டு சுவாமிக்கு எண்டு நீங்கள்தானே சட்டம் போட்டனீங்கள்! நான் அப்பவே கொண்டுபோய்க் குடுத்திட்டன்." பங்குச் சுவாமி கியூபெக்காரர், பாவம், தட்டு முழுவதும் தனக்கென்று நினைத்துப் பாதியைத் தின்றுவிட்டு, கதவோரம் நின்று "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. மிச்சப் படத்துக்கு நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டேன். சனம் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தது.

எப்படியோ, இன்று பூசை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் பிரஷாந்தினியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்லை அண்ணை" என்று அவளும் அழுதாள், நானும் அழுதேன், சபை கைதட்டியது. ஆகையால் மாக்கிரட் போனில் அக்காவிடம் ஏதும் சொன்னால், விஷயம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மருமக்களுக்கு என் ஆசி. ஆசி சொல்லும் தகுதி இருக்கிறதோ தெரியாது. மடு மாதா உங்கள் வீட்டு வாசலில் துணை நிற்பாராக.

தலைகுனிந்த மைத்துனன்,
நீக்கிலாப்பிள்ளை

பி.கு: மன்னிப்புக் கேட்டதாக எழுதிய பகுதியை அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நான் இன்று பூசைக்கே போகவில்லை. காய்ச்சல் என்று மாக்கிரட்டை மட்டும் அனுப்பினேன். அவள் இன்னும் திரும்பவில்லை. இப்போது வாசல் மணி அடிக்கிறது. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன், பிரஷாந்தினி. நேற்று மண்டபத்தில் நான் விட்டு ஓடிவந்த கையுறையைக் கையில் பிடித்தபடி வந்திருக்கிறாள், பனிக்குள்ளே, இரண்டு பஸ் மாறி. லைற்றை அணைத்துவிட்டுக் குசினி நிலத்தில் குந்தியிருந்து எழுதுகிறேன். "காய்ச்சல் எண்டு மாக்கிரட் அக்கா சொன்னவ. இப்ப சுகமோ அண்ணை?" என்று கதவுக்கு வெளியே கேட்கிறாள். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன், அத்தான். இன்னும் போகிறாளில்லை.