ஈசான மூலையில் என் கையெழுத்து

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி 20 நிமிடம். மேற்கே மலை தெரியவில்லை. மெல்லிய சாரல், நடுநடுவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வெயில். அந்த நேரத்தில், தென்காசிக் கடைத்தெருவுக்குப் பின்னால், முன்பின் தெரியாத ஒருவருடைய அஸ்திவாரத்தை நான் குடைக் காம்பால் தோண்டினேன். அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்து நான்கு வருடம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். (நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.)

காரணம் என் சம்பந்தி. மதுரைக்காரர், தபால் இலாகாவில் இருந்தவர். அதற்கு ஆறு வருடம் முன், என் மகள் கல்யாணத்தில் மதியப் பந்தியில் 412 இலை விழுந்தது என்று நான் சொன்னேன். அவர் 430 என்றார். இருவரும் தனித்தனியாக நின்று எண்ணியிருந்தோம். (இரண்டு வீட்டிலும் எண்ணுகிற ஆள் இருப்பது பெண் பார்க்கும்போது தெரியவில்லை.) அதன்பின் எங்களுக்குள் "சௌக்கியமா?" தவிர வேறு பேச்சில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் என் மகள்தான் அவதிப்பட்டாள். 2023 குற்றாலச் சீசனுக்கு அவரை நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்க அழைத்ததும் அவள்தான். போனில் கண்டிப்பாகச் சொன்னாள்:

"எப்பா, மாமா இருக்குத நாலு நாளும் நீங்க எதையும் எண்ணக் கூடாது. சண்டையில்லாம ரயில் ஏத்தி விட்டுருங்க. எனக்கு அது போதும்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் காப்பாற்றவும் செய்தேன். மூன்றாம் நாள், ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் திரும்பும்போது, சம்பந்தி தன் ரகசியத்தைச் சொன்னார். உலகம் முழுக்க யாரோ சிலர் சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கைபேசியில் போட்டுவிடுகிறார்களாம். வேறு சிலர் அதைப் பார்த்துத் தேடிப் போகிறார்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதவேண்டும். டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்கவேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. சம்பந்தி இதுவரை 199 கண்டுபிடித்திருந்தார். இருநூறாவது தென்காசிக் கடைத்தெருவில் இருந்தது.

அட்சரேகை, தீர்க்கரேகை என்ற சொற்கள் காதில் விழுந்ததும் என் வாக்குறுதி போயிற்று.

கடைத்தெருவின் பின்சந்தில் கைபேசி எங்களை நிறுத்தியது. 'ஏழு மீட்டர், வடகிழக்கு' என்றது. குறிப்பு ஒரே வரி: 'குனிந்தால் கிடைக்கும்.' இடப்பக்கம் தண்ணீர் வராத ஓர் அடிகுழாய். எதிரே, கடை கட்டுவதற்கு அஸ்திவாரக் குழி தோண்டிய ஒரு காலி மனை. ஞாயிறு என்பதால் வேலையாட்கள் இல்லை.

"கைபேசி அஞ்சு மீட்டர் முன்னப்பின்ன காட்டும், சம்பந்தி. மொதல்ல அந்தக் குழாய்ப் பக்கம் பாப்போம்" என்றார் அவர்.

முன்னப்பின்ன! அந்தச் சொல்லுக்காக நான் அளவுச் சங்கிலி பிடிக்கும் எத்தனை செயின்மேன்களைத் திட்டியிருக்கிறேன்! என் ஓர் எட்டு எழுபத்தைந்து சென்டிமீட்டர். ஏழு மீட்டருக்கு ஒன்பது எட்டும், மூன்றில் ஒரு பங்கும். அளந்து நடந்தேன். மனையின் வடகிழக்கு மூலையில் வந்து நின்றேன். அங்கே ஐந்து செங்கல் அடுக்கியிருந்தது. கீழே புது மண். மேலே செம்பருத்திப் பூ இரண்டு கிடந்தது. அடையாளத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். (ஆமாம். அப்படித்தான் நினைத்தேன்.)

"புதைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, சம்பந்தி" என்றார்.

"விலையுள்ள பொருளை எவன் வெளியில வைப்பான்?" என்று கேட்டேன். முப்பத்து நான்கு வருட அனுபவம் பேசியது.

பதினோரு குத்தில் சம்புடம் கிடைத்தது. உள்ளே நவதானியம், ஐந்து உலோகத் துண்டு, ஒரு வெள்ளிக்காசு, சிறு பவளம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு தாள். மேலே பிள்ளையார் சுழி. விளையாட்டிலும் பக்தி இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். கீழே ஐந்து பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நட்சத்திரம்.

"ஒரே குடும்பமா வந்து தேடியிருக்காங்க போல" என்றார் சம்பந்தி. அவர் கண் கலங்கியிருந்தது. இருநூறு அல்லவா!

நாங்களும் எழுதினோம். ஆறாவதாக அவர் பெயர், கேட்டை. ஏழாவதாக என் பெயர், விசாகம். பிறகு தேதி. சம்பந்தி பவளத்தை எடுத்துக்கொண்டு, காலையில் ஐந்தருவியில் வாங்கிய சீப்பை உள்ளே வைத்தார். ஆறு வருடத்தில் முதல்முறையாக என் தோளில் கை போட்டார்.

"ஏ பெரியவரே, அங்கன என்ன தோண்டுதிய?"

எதிர்ச் சந்தில் டீக்கடை திறந்துகொண்டிருந்த பாய். எங்களைப் பார்த்தார், சம்புடத்தைப் பார்த்தார், உடனே போனை எடுத்தார். ஏழாவது நிமிடம் மனைக்குச் சொந்தக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பாத்திரக்கடைக்காரர். வெள்ளிக்கிழமைதான் பூமி பூஜை போட்டிருந்தார். குடும்பத்தார் பெயரை எழுதி ஈசான மூலையில் புதைப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"யாருலே அது..." என்று ஆரம்பித்தவர், எங்கள் நரையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தாளை விரித்து வாசித்தார். வெகுநேரம் வாசித்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கேட்டை நட்சத்திரம் யாரு?"

சம்பந்தி கையைத் தூக்கினார்.

"இந்தச் சீப்பு?"

அதற்கும் அவரே தூக்கினார்.

"கடன வாங்கிக் கட்டுதேன் அண்ணாச்சி" என்று செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார் அந்த மனிதர். நான் ரயில் நேரத்தை நினைக்கவில்லை, மகளை நினைக்கவில்லை. அந்த ஐந்து செங்கலையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாத்திரக்கடைக்காரர் ஜோசியருக்குப் போன் போட்டார். தீர்ப்பு வந்தது. எழுதின பெயரை அடிக்கக் கூடாது. தாளை மாற்றக் கூடாது. புதன்கிழமை மறுபடி பூஜை. தாளில் பெயர் உள்ள ஏழு பேரும் உட்கார வேண்டும். சம்பந்தியின் ரயில் திங்கட்கிழமை.

"தப்பு என்னுது. அவர் வேண்டாம்னுதான் சொன்னார்" என்றேன்.

"ரெண்டு பேரும்தான் எழுதினோம். டிக்கெட்டை ரத்து பண்ணிருதேன்" என்றார் சம்பந்தி. மூன்றே நாளில் எங்கள் பேச்சு அவருக்கு ஒட்டியிருந்தது.

கிளம்பும்போது பாய் கேட்டார்: "அந்த டப்பாவையா தேடி வந்திய? வாரவுகளெல்லாம் குழாய்க்குப் பின்னாலதான கையை விடுவாவ!"

சம்பந்தி குனிந்தார். கட்டைவிரல் அளவு டப்பா, காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கைபேசி சொன்ன இடத்திலிருந்து நாலரை மீட்டர்.

புதன்கிழமை, பாத்திரக்கடைக்காரர் குடும்பத்தோடு நாங்களும் மாலை போட்டு உட்கார்ந்தோம். பவளம் திரும்பியது, சீப்பு வெளியேறியது. பிறகு சாப்பாடு. பந்தியில் நானும் சம்பந்தியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இலைகளை எண்ணினோம்.

"இருபத்தேழு" என்றேன் மெதுவாக.

"இருபத்தேழு" என்றார்.

கடை இப்போது நடக்கிறது. வியாபாரம் மந்தமான நாளில் அந்தப் பாத்திரக்கடைக்காரர் எனக்குப் போன் போடுகிறார்: "பார்ட்னர், இன்னைக்கு ஒரு டம்ளர்கூடப் போகல. அங்கன எதையும் தோண்டுனியளோ?" என் மகள் வீட்டில் சீப்பு காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை, ஈசான மூலையைக் கேட்கச் சொல்கிறார்கள்.

பூஜை, தட்சிணை, இருபத்தேழு இலை எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது ரூ. 7,865. ரயிலடியில் சம்பந்தி தன் பாதியை என் கையில் திணித்தார். மகளுக்குக் கொடுத்த வாக்குக்காக அவர் முன்னால் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். ரூ. 3,933 இருந்தது. ஐம்பது காசு அவர் கூடுதலாகவே போட்டிருந்தார். ஆக, எனக்கு ஆன செலவு ரூ. 3,932.